சேலம் சுற்றுவட்டாரம் இவ்வளவு வேகமாக நகரமாவது ஏன்? இதனால் என்ன விளைவு?

வேலை தேடி ஜனம் வருகிறது, நகரம் வீங்குகிறது என்பதுதான் இதற்கு வழக்கமாக வரும் பதில். சென்னைக்கும் திருப்பூருக்கும் அது பொருந்தும். சேலத்தில் பாதிக் கதை வேறு. இங்கே பெரும்பாலானவர்கள் ஊர் விட்டு ஊர் போகவில்லை, அவர்கள் இருந்த ஊரே நகரமாகிவிட்டது.

1991 சென்ஸஸில் சேலம் நகர மக்கள்தொகை சுமார் 3.67 லட்சம், 2001-ல் சுமார் 6.97 லட்சம். பத்து வருஷத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு என்று இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து வாயைப் பிளக்கிறவர்கள் உண்டு. நடுவில் 1994-ல் சேலம் மாநகராட்சி ஆனதையும், சூரமங்கலம், கொண்டலாம்பட்டி, அப்புறம் சுற்றியிருந்த கிராமங்கள் எல்லாம் எல்லைக்குள் வந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு புரியும். 2011-ல் 8.29 லட்சம். அதாவது எல்லைக்கோடு நகராத பத்து வருஷத்தில் வளர்ச்சி நிதானமாகத்தான் இருந்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு கிராமத்தில் 5,000 பேராவது இருந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசித்து, ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலை பார்த்தால், அது ஊராட்சியாகவே நீடித்தாலும் சென்ஸஸ் அதை நகரம் என்றுதான் எழுதும். தமிழ்நாட்டில் இப்படி எழுதப்பட்ட ஊர்கள் 2001-ல் 111, 2011-ல் 376. சேலம் மாவட்டத்துக்கு இந்த இலக்கணம் அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்தும், ஏனென்றால் இங்கே தொழில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு தெருவில் விசைத்தறி சத்தம், அடுத்த தெருவில் கொலுசுப் பட்டறை, ஊர் எல்லையில் குச்சிக்கிழங்கு அரைத்து ஜவ்வரிசி எடுக்கிற சேகோ பேக்டரி. தாரமங்கலம், இடங்கணசாலை இரண்டும் 2021-ல் நகராட்சி ஆனதற்குப் பின்னால் வானளாவிய கட்டடமோ ஐடி கம்பெனியோ கிடையாது, தறிதான்.

விவசாயத்தை ஏன் விட்டார்கள் என்றால், முதல் காரணம் தண்ணீர். பாறை பூமி, கிணறு வற்றினால் போர் போட வேண்டும், அதுவும் போனால் இன்னும் ஆழமாக இன்னொன்று, கடன் மட்டும்தான் ஊறும். அந்த நேரம் பார்த்து பெங்களூர், கோயம்புத்தூர், உளுந்தூர்பேட்டை ரோடுகள் நான்குவழியாயின. பைபாஸ் பக்கத்தில் காடு (இங்கே விவசாய நிலத்தை அப்படித்தான் சொல்வார்கள்) வைத்திருந்தவருக்கு ஏக்கர் கணக்கில் விளைந்ததைவிட சென்ட் கணக்கில் விற்றது லாபம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கவும் பையனை இன்ஜினியரிங் சேர்க்கவும் அந்தப் பணம்தான் உதவியது. நிலமே இல்லாதவர்களுக்கோ, பண்ணையத்தில் கூலிக்கு நின்ற காலத்தைவிட இன்றைய நிலைமை பல மடங்கு தேவலை. கிராமம் அழிகிறதே என்று புலம்புகிறவர்கள் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புலம்பலாம்.

சரி, விளைவுக்கு வருகிறேன். டிராஃபிக், வாடகை, வெயில் எல்லாம் எல்லா ஊரிலும் உள்ளதுதான், ஐந்து ரோடு சந்திப்பில் 2020-ல் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தும் கீழே நெரிசல் தீர்ந்தபாடில்லை. சேலத்தின் தனிப் பிரச்சினை நீர்வழி.

இந்த ஊரைச் சுற்றி மலை. சேர்வராயன் மலையில் பெய்கிற மழை ஓடை ஓடையாக இறங்கி, கன்னங்குறிச்சி புது ஏரி நிரம்பினால் மூக்கனேரிக்கு, அது நிரம்பினால் அடுத்ததற்கு என்று போய் முடிவில் திருமணிமுத்தாற்றில் சேரும். ஏரியை யாராவது மூடினால் ஊரே பார்க்கும், கேஸ் போடுவார்கள், போராடுவார்கள். ஏரிக்கு வரும் வாய்க்கால் அப்படியில்லை, சத்தமில்லாமல் காணாமல் போகும். பத்தடி அகல ஓடை முதலில் லேஅவுட் ரோடாகும், அப்புறம் ரோட்டோரச் சாக்கடையாகும், அப்புறம் அதன் மேல் ஒரு சிலாப். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போடும் வரை, பஞ்சாயத்து அப்ரூவல் என்ற பெயரில் எத்தனையோ காடு மனையாகிவிட்டது. 2017-ல் வரன்முறை விதிகள் வந்து பணம் கட்டிச் சரிசெய்தார்கள். பத்திரம் சரியானது, ஓடை திரும்ப வரவில்லை.

குடிக்க மேட்டூர்த் தண்ணீர் குழாயில் வருவதால் இதைப் பற்றி யாருக்கும் பதற்றமும் இல்லை. ஒரு காலத்தில் நகரத்துக்குக் குடிநீர் கொடுத்த பனமரத்துப்பட்டி ஏரி சீமைக்கருவேலங்காடாய்க் கிடந்தது. நகருக்குள் இருக்கிற சில ஏரிகளோ கோடையிலும் வற்றுவதில்லை, பார்க்கிறவர்கள் சந்தோஷப்படுவார்கள். மழைத்தண்ணீர் வரும் வழி அடைபட்டு, வீட்டுக் கழிவுநீர் வரும் வழி திறந்திருப்பதால் வந்த நிறைவு அது. திருமணிமுத்தாறும் வருஷம் முழுக்க ஓடுகிறது, சாக்கடையும் சாயத்தண்ணீருமாக. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை மலையில் கொட்டியபோதுதான் அது ஆறு என்றே பலருக்கு ஞாபகம் வந்தது. அதே மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண்சரிந்து போக்குவரத்து நின்றது.

சேர்வராயன் மலை மேல் இருக்கும் ஏற்காட்டை இதிலிருந்து பிரிக்க முடியாது. காபித் தோட்டத்து நிழல் மரங்கள் மழையை மண்ணுக்குள் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். தோட்டத்தைத் துண்டு போட்டு காட்டேஜ் கட்டினால் அதே மழை ஒரே மூச்சில் அடிவாரத்துக்கு வரும். மலையில் விற்கிற மனைக்கும் கீழே நகருக்குள் அம்மாபேட்டையில் வீட்டுக்குள் புகுகிற தண்ணீருக்கும் சம்பந்தம் இருக்கிறது, நிர்வாகத்தில் இரண்டும் வேறு வேறு ஃபைல், அவ்வளவுதான்.

சேலத்தில் மனை வாங்கப்போகிறேன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் நம்பரோடு நிறுத்தாதீர்கள். விஏஓவிடம் கிராம வரைபடம் கேட்டு, சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்து, நேரில் போகும்போது அந்த இடத்தில் தார் ரோடு இருந்தால், வேறு மனை பாருங்கள்.