அமெரிக்காவில் வீட்டுக் கணினியில் ஹெச்டி ட்யூனர் கார்டு (டிவி ஒளிபரப்பைக் கணினியில் பிடிக்கும் அட்டை) போட்டு இலவச சேனல்கள் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் கார்டை விட ஆன்டெனாதான் முக்கியம். அங்கே பெரிய நிலையங்கள் எல்லாம் 2009 ஜூனுக்குள் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. அதனால் ஏடிஎஸ்சி என்ற அந்நாட்டு டிஜிட்டல் முறை ஒளிபரப்பைப் பிடிக்கும் கார்டாகப் பார்த்து வாங்குங்கள். அனலாக் மட்டும் பிடிக்கும் பழைய கார்டு உதவாது.

கணினியை அணைத்து, பவர் கேபிளையும் உருவிவிட்டு மூடியைத் திறங்கள். மதர்போர்டில் குட்டையாக இருப்பது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 ஸ்லாட். அது காலியில்லையா? நீளமான எக்ஸ்16 ஸ்லாட்டிலும் கார்டு உட்காரும். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டின் இரு முனைகளையும் சீராக அழுத்தி, திருகை முடுக்குங்கள். ஒல்லியான கேபினட் என்றால் அரை உயரத் தகடு கூடவே வருகிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை.

விண்டோஸ் 10-இல் டிவி பார்க்க உதவும் மீடியா சென்டர் மென்பொருள் கிடையாது. அதற்குப் பதில் நெக்ஸ்ட்பிவிஆர் மென்பொருள் போதும், இலவசம். லினக்ஸில் டிவிஹெட்எண்ட்.

ஒளிபரப்பு நொடிக்கு 19 மெகாபிட் வரை வரும். ஒரு மணி நேரப் பதிவே 8 ஜிபியைத் தாண்டலாம், தனி ஹார்ட் டிஸ்க் வையுங்கள்.

படம் கட்டம் கட்டமாக உடைந்தால் கார்டைச் சந்தேகிக்காதீர்கள். ஆன்டெனாவை ஜன்னலோரம் கொண்டுபோய், ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் திசைக்குத் திருப்பி, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். நடுவில் ஸ்ப்ளிட்டர் (ஆன்டெனா கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரிக்கும் இணைப்பு) இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.