பிரிட்டன் கடைவீதிகள் நொடித்ததற்குப் பிரெக்சிட் மட்டும்தான் காரணமா?

பாதி உண்மை என்பேன். பிஎச்எஸ் என்ற பல்பொருள் அங்காடி நிறுவனம் நொடித்துத் திவால் நடவடிக்கைக்குள் போனது 2016 ஏப்ரலில், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதா (பிரெக்சிட்) என்ற பொதுவாக்கெடுப்புக்கு இரண்டு மாதம் முன்பே. இணைய வணிகம் ஒருபுறம் வாடிக்கையாளரை இழுத்துக்கொள்ள, லாபத்தைப் பாராமல் கட்டடத்தின் வாடகை மதிப்பைக் கொண்டே விதிக்கப்படும் வணிகச் சொத்து வரி மறுபுறம் கடைக்காரர்களின் கழுத்தை நெரித்தது. நஷ்டத்தில் ஓடும் கடைக்கும் அதே கணக்குதான் என்பது என்ன நியாயமோ!

பிரெக்சிட்டின் பங்கு வேறு வகையானது. வாக்கெடுப்புக்குப் பின் பவுண்டின் மதிப்பு சரிந்ததால், டாலரில் கொள்முதல் செய்த துணிமணிகளின் அடக்கவிலை ஏறியது. 2019 மார்ச் 29 என்று முதலில் குறித்த வெளியேறும் நாள் தள்ளித் தள்ளி 2020 ஜனவரி 31 ஆனதற்குள், சுங்கத் தடங்கலுக்கு அஞ்சிச் சரக்கைக் குவித்தவர்களின் மூலதனம் கிடங்கில் முடங்கியது; ஏற்கெனவே கடனில் தத்தளித்த டெபன்ஹாம்ஸ் என்ற பல்பொருள் அங்காடி நிறுவனம் 2019 ஏப்ரலில் கடன் கொடுத்தவர்களின் கைக்குப் போனது.