மலேசியாவில் இஸ்லாம்தானே கூட்டரசின் மதம், அப்புறம் அங்கே சூதாட்டம் எப்படிச் சட்டப்படி நடக்கிறது?

குர்ஆன் சூதாட்டத்தை மதுவோடு சேர்த்தே விலக்குகிறது (5:90). ஆனால் மலேசியாவில் அந்தத் தடை முஸ்லிம்களை மட்டுமே சட்டத்தால் கட்டுகிறது. ஷரியா நீதிமன்றங்களின் அதிகாரம் முஸ்லிம்களோடு நின்றுவிடும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. பந்தயமும் லாட்டரியும் கூட்டரசுப் பட்டியலில், அதாவது மாநிலங்களிடம் இல்லாமல் மத்திய அரசிடம் உள்ள துறைகளின் பட்டியலில், இருக்கின்றன. அதனால் உரிமம் கொடுப்பது மத்திய அரசு.

நாட்டின் ஒரே சட்டபூர்வ கேசினோ கெந்திங் மலையில், 1971 முதல் நடக்கிறது. முஸ்லிம்களுக்கும் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் உள்ளே அனுமதி இல்லை. முஸ்லிம்களின் அடையாள அட்டையில் 'இஸ்லாம்' என்று அச்சிட்டிருப்பதால் வாசலில் அதைக் காட்டினாலே தெரிந்துவிடும். மத்திய அரசின் நேரடி ஆட்சியில் உள்ள கோலாலம்பூர் போன்ற கூட்டரசுப் பிரதேசங்களில் சூதாடிப் பிடிபடும் முஸ்லிமுக்கு 3,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சரி, மாநிலங்கள் சும்மா இருக்கின்றனவா? கடை வைக்கும் உரிமம் ஊராட்சி மன்றங்களின் கையில் இருக்கிறது. அந்த வழியாகத்தான் கெடா மாநிலம் 2023 முதல் நாலு நம்பர் கடைகளுக்கு (நான்கு இலக்க எண்ணில் பணம் கட்டும் லாட்டரிக் கடைகள்) உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. கிளந்தானில் அதற்கும் பல ஆண்டுகள் முன்பே கடைகள் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. முஸ்லிமைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. விபத்தில் நொறுங்கிய காரின் எண்ணைக்கூட எழுதிக்கொண்டு போய்க் கூலிப் பணத்தைக் கட்டும் தமிழரையும் சீனரையும் தடுக்க அப்படி எதுவும் இல்லை. அந்த வீடுகளிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.