பாஸ்போர்ட்டை மாற்றினால் கிரீன் கார்டு வரிசை மாறுமா?

கேள்வி: நான் திருச்சியில் பிறந்தவன். அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். எனக்காக நிறுவனம் போட்ட ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டும் வரிசை நகரவே இல்லை. கரீபியன் நாட்டு பாஸ்போர்ட் வாங்கினால் இந்திய வரிசையிலிருந்து தப்பிக்கலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். உண்மையா? என் மனைவி பிறந்தது சிங்கப்பூரில், இந்தியக் குடியுரிமைதான்.

பதில்: இல்லை. அந்த ஏஜென்ட்டுக்கு ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். எந்த பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் திருச்சியில் பிறந்தவர் இந்தியக் கணக்கில்தான் வருவார்.

பிறந்த நாட்டை வைத்து ஆளைக் கணக்கிடும் இந்த வழக்கம் 1921-இல் வந்தது. 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஒரு நாட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேர் அமெரிக்காவில் இருந்தார்களோ, அதில் 3 சதவீதம் பேரைத்தான் அந்த நாட்டிலிருந்து ஆண்டுதோறும் அனுமதித்தார்கள். மாதத்துக்கு இவ்வளவு என்றும் வரம்பு இருந்ததால், கப்பல்கள் நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே காத்து நின்று, முதல் தேதி நள்ளிரவு தாண்டியதும் முண்டியடித்து உள்ளே நுழைந்தன. பிந்திய கப்பல்களில் வந்த பலரைத் திருப்பி அனுப்பினார்கள்.

1924-இல் அதை 2 சதவீதமாகக் குறைத்தார்கள், அதுவும் 1890 கணக்கெடுப்பின்படி. இத்தாலியர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் பெருமளவில் வந்தது அதற்குப் பிறகுதான். அவர்களைத் தடுக்கவே பழைய கணக்கைத் தோண்டி எடுத்தார்கள். இத்தாலிக்கு 42,000 ஆக இருந்தது 4,000-க்கும் கீழே போனது. இந்தியர்களுக்கு 1917-லேயே கதவை மூடிவிட்டார்கள். 1946-இல் திறந்தபோதும் ஆண்டுக்கு 100 பேர்தான்.

1965-இல் அந்த ஒதுக்கீடு ஒழிந்தது, பிறந்த நாட்டுக் கணக்கு மட்டும் ஒழியவில்லை. இன்றைக்கு ஆண்டு ஒதுக்கீட்டில் ஐஸ்லாந்துக்கும் 7 சதவீத உச்சவரம்பு, இந்தியாவுக்கும் அதே 7 சதவீதம். நூறு வருடக் கணக்கை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்!

சரி, உங்களுக்கு வழி உண்டு. அது உங்கள் மனைவி பிறந்த ஊர். 1924 சட்டத்திலேயே, மனைவியின் நாட்டுக்கான இடம் தீர்ந்துவிட்டால் அவரைக் கணவர் பிறந்த நாட்டுக் கணக்கில் சேர்க்க இடம் இருந்தது. இப்போது கணவரையும் மனைவி பிறந்த நாட்டுக் கணக்கில் சேர்க்கலாம். அவருடைய குடியுரிமை இந்தியா என்பது இதில் குறுக்கே வராது. அவர் சிங்கப்பூரில் எத்தனை வருடம் இருந்தார் என்றும் கேட்க மாட்டார்கள். இருவரும் சேர்ந்து கிரீன் கார்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை பிறந்த நாட்டை வைத்துப் பெற்றோர் கேட்க முடியாது. அமெரிக்காவில் பிறந்த குழந்தையைக் காட்டிப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

மனைவியின் சிங்கப்பூர் பிறப்புச் சான்றிதழையும் உங்கள் திருமணச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். எந்தத் தேதிக்காரர்கள் வரை முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் இந்தியாவுக்கான பத்தியை விட்டுவிட்டு, தனியாகக் குறிப்பிடாத மற்ற நாடுகளுக்கான பத்தியில் உங்கள் வரிசைத் தேதிக்கு முறை வந்துவிட்டதா என்று பாருங்கள். அங்கேயும் காத்திருக்க நேரலாம், ஆனால் இந்திய வரிசை அளவுக்கு இருக்காது. உங்கள் வக்கீலிடம் இதை எழுத்தில் கேளுங்கள். கேட்காவிட்டால் பலர் தாங்களாகச் சொல்வதில்லை. அப்புறம், உங்கள் பிறப்புச் சான்றிதழையே மாற்றித் தருகிறேன் என்று அந்த ஏஜென்ட் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்த மோசடி பிடிபட்டால் அமெரிக்காவுக்குள் நுழையவே நிரந்தரத் தடை விழலாம்.