ஐந்து சுற்று நேர்காணலுக்குப் பிறகும் பதில் வரவில்லையா? மன்னார்குடித் தந்தைக்கு ஒரு மடல்

அன்புள்ள ஐயா,

ஒரு நிறுவனத்தின் வேலைக்காக எழுத்துத் தேர்வு, நிரல் எழுதும் தேர்வு, இரண்டு தொழில்நுட்ப நேர்காணல்கள், கடைசியாக மனிதவளப் பிரிவு என ஐந்து சுற்றுகளை உங்கள் மகள் முடித்திருக்கிறாள். அதற்காக மன்னை எக்ஸ்பிரஸில் இரண்டு முறை சென்னைக்குப் போய் வந்திருக்கிறீர்கள். ஒரு வாரத்தில் சொல்கிறோம் என்றவர்கள் ஏழு வாரமாகியும் வாய் திறக்கவில்லை. "பிள்ளை தோற்றுவிட்டாளா?" என்று கேட்கிறீர்கள்.

அப்படி முடிவு கட்டாதீர்கள். தகுதியில்லை என்று நினைத்த ஒருவரை ஐந்தாம் சுற்றுவரை யாரும் உட்கார வைப்பதில்லை.

நீங்கள் விவசாயி, உங்களுக்கு இது எளிதில் புரியும். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் அன்றே உங்கள் வயலுக்கு வந்துவிடுகிறதா? கல்லணையில் வெண்ணாற்றுக்குப் பிரிந்து, நீடாமங்கலம் பக்கம் ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில் பாமணியாற்றுக்குத் திரும்பி, வாய்க்கால் வாய்க்காலாக வந்து சேர வேண்டும். ஆளெடுப்பிலும் அத்தனை மதகுகள் உண்டு. நேர்காணல் செய்தவர் சரி என்றாலும் அந்த இடத்துக்கு நிதி ஒப்புதல் வர வேண்டும். நிறுவனத்துக்கு வேலை தரும் வாடிக்கையாளர் அதைத் தள்ளிப்போட்டால் ஆளெடுப்பும் நின்றுவிடும். முதலில் தேர்வானவர் வந்து சேரும்வரை அடுத்தவரைக் காத்திருக்க வைப்பதும் நடக்கிறது.

ஆனாலும் அவர்கள் செய்தது தவறு. கடன் வாங்கி டிக்கெட் எடுத்து வந்த பெண்ணுக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்ப எத்தனை நிமிடம் ஆகும்? என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் நேர்காணலில் உடைவதில்லை, அதற்குப் பின் வரும் இந்த நாட்களில்தான் உடைகிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு.

மகளை ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். நேர்காணல் நடந்த தேதி, பதவியின் பெயர், விண்ணப்ப எண், "என் விண்ணப்பத்தின் நிலையைத் தெரிவிக்க வேண்டுகிறேன்" என்ற ஒரு வரி, அவ்வளவு போதும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் இன்னொரு முறை எழுதலாம். அதற்குமேல் வேண்டாம். நீங்கள் தொலைபேசியில் அழைக்கவே கூடாது; விண்ணப்பித்தவள் அவள்.

நேர்காணலில் "கல்யாணம் எப்போது?" என்று கேட்டார்களாம். அந்தக் கேள்வி முறையற்றது. அடுத்த முறை யாராவது கேட்டால், "பணி நேரத்தையும் இரவுப் பணிக்கு வாகன வசதி உண்டா என்பதையும் சொல்லுங்கள், என் முடிவைச் சொல்கிறேன்" என்று அமைதியாகப் பேச்சை வேலைக்குத் திருப்பட்டும்.

என்னைப் பதறவைத்தது உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திதான். அதே நிறுவனத்தில் ஆள் இருக்கிறது, திருப்பித் தரக்கூடிய முன்பணம் கட்டினால் பணி ஆணை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார் என்றும், குறுவை நெல் விற்ற பணம் கையில் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். முறையாக ஆளெடுக்கும் நிறுவனம் வேலை கொடுக்க விண்ணப்பதாரரிடம் பணம் கேட்காது. பதில் வராமல் வீடு தவிக்கும் நேரம் பார்த்துத்தான் இவர்கள் வருகிறார்கள். அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் விட்டு வரக்கூடாது. காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஆணை என்று ஏதாவது வந்தால், அனுப்பிய மின்னஞ்சல் முகவரி நிறுவனத்தின் சொந்த முகவரிதானா என்று பாருங்கள். இணையவழியில் ஏற்கெனவே ஏதும் செலுத்தியிருந்தால் இன்றே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

ஒரே நாற்றங்காலை நம்பி நீங்கள் நடவில் இறங்குவதில்லை. அவளும் வேறு இடங்களுக்கு விண்ணப்பிக்கட்டும். திருவாரூர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தனியார் துறை முகாம் எப்போது என்று விசாரியுங்கள். 1961-ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டத்தின்கீழ் பட்டதாரிகளுக்கு உதவித்தொகையுடன் தொழிற்பயிற்சி உண்டு, அதையும் பார்க்கலாம்.

ஐந்து சுற்றிலும் கேட்ட கேள்விகளை, மறப்பதற்குள், ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எதற்குத் தடுமாறினாள் என்பதையும் பக்கத்திலேயே குறிக்கட்டும். அந்த நோட்டோடு சனிக்கிழமை காலை அவளை அழைத்து வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.