இலாப நோக்கற்ற மருத்துவமனை என்றால் என்ன? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை எப்படி நடக்கிறது?

மிஞ்சும் பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் சிகிச்சைப் பணிக்கே திருப்பிவிடும் மருத்துவமனையே இலாப நோக்கற்றது எனப்படுகிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்த நிலையிலும், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் இதற்கு அருமையான சான்று. கட்டணம் செலுத்துவோரின் பணமே செலுத்த இயலாதோரின் கண்புரை அறுவைக்கும் உதவுகிறது. கூட்டுக்குடும்பத்தில் அண்ணன் சம்பாத்தியத்தில் தம்பி படிப்பதைப் போன்றது இது. ஒருவருக்கு அறுவை முடிவதற்குள் பக்கத்து மேசையில் அடுத்தவர் ஆயத்தமாக இருப்பதால், மருத்துவரின் நேரம் வீணாகாமல் செலவும் குறைகிறது. கண்புரையை நீக்கியபின் கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி விழிலென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்தபோது, 1992-இல் ஆரோலேப் என்ற தங்கள் உற்பத்திப் பிரிவின் மூலம் தாங்களே அதைத் தயாரிக்கத் தொடங்கியதுதான் பெரிய திருப்பம் என்பேன். இத்தகைய மருத்துவமனை நன்கொடையில் மட்டுமே நடக்கும், எல்லாருக்கும் இலவசம் என்று பலர் எண்ணுவது சரியன்று. அதுவும் வருமானம் ஈட்டுகிறது, ஆனால் அது எவருடைய சொந்தப் பைக்கும் போவதில்லை.