கோப்பில் ஒளிந்திருக்கும் பெயர்கள்

கேள்வி: இன்றைய மாஸ்கோவைக் களமாக வைத்து ஒரு த்ரில்லர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்டாலின் மரணப் படுக்கையில் கிடந்தபோது அவருடைய வீட்டிலிருந்து காணாமல்போன நாட்குறிப்பு ஒன்று, இப்போது ஒரு வரலாற்று ஆய்வாளரின் கைக்கு வருகிறது. அதைக் கைப்பற்ற ஒரு ரகசியக் கூட்டம் அவரைத் துரத்துகிறது. இந்தக் கரு நம்பும்படி இருக்கிறதா?

பதில்: அந்த மரணத்தைத் தொடக்கமாகக் கொண்டது நல்ல தேர்வு. 1953 மார்ச் 1 அன்று, மாஸ்கோவை அடுத்த குன்த்செவோ வீட்டில், ஸ்டாலின் வழக்கமான நேரத்தில் அறையை விட்டு வெளியே வரவில்லை. அழைக்காமல் உள்ளே போகக் கூடாது என்பது கட்டளை என்பதால், காவலர்கள் பகல் முழுவதும் கதவுக்கு வெளியே காத்திருந்தார்கள். மாலையில் உள்ளே விளக்கு எரிந்ததைக் கண்டு சற்றே நிம்மதியும் அடைந்தார்கள். இரவு பத்து மணிக்கு மேல், வந்திருந்த தபால்களைக் கொடுக்கும் சாக்கில் ஒருவர் துணிந்து உள்ளே போனபோது, ஸ்டாலின் பேச்சிழந்து, ஆடை நனைந்து தரையில் கிடந்தார். மருத்துவர்கள் வந்து சேர்ந்ததோ மறுநாள் காலையில்தான். அவருடைய உடல்நிலையை நெடுங்காலமாக அறிந்திருந்த மருத்துவர் வினோகிராதவ், மருத்துவர்களின் சதி என்று புனையப்பட்ட வழக்கில் அப்போது சிறையில் இருந்தார். மார்ச் 5 இரவு ஸ்டாலினின் உயிர் பிரிந்தது. தான் வளர்த்த அச்சமே தன்னை உதவியின்றிக் கிடக்கவைத்த இந்தக் காட்சிக்கு எந்த எழுத்தாளரும் கற்பனையில் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

ஆனால் நாட்குறிப்பு என்ற கருவியில் எனக்கு உடன்பாடில்லை. அவர் எதையும் ரகசிய ஏட்டில் எழுதி ஒளிக்க வேண்டிய நிலையில் இருக்கவில்லை. தண்டிக்கப்பட வேண்டியவர்களின் பெயர்கள் அடங்கிய 383 பட்டியல்கள் ஆவணக் காப்பகத்தில் கிடைத்திருக்கின்றன. 40,000க்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட அந்தப் பட்டியல்களில் ஸ்டாலினும் அவருடைய சகாக்களும் ஒப்புதல் கையெழுத்து இட்டிருக்கிறார்கள். அதைவிடக் கொடிய ரகசியத்தை எந்த நாட்குறிப்பில் வைப்பீர்கள்?

நாட்குறிப்புக்குப் பதிலாக ஓர் இறப்புச் சான்றிதழை வைத்துப் பாருங்கள். ஸ்டாலினின் அடக்குமுறை உச்சத்தில் இருந்த 1937, 38 ஆண்டுகளில் சுடப்பட்டவர்களின் குடும்பங்களிடம், "கடிதத் தொடர்பு உரிமையின்றிப் பத்தாண்டுச் சிறை" என்றே சொல்லப்பட்டது. பத்தாண்டுகள் கழிந்தும் யாரும் திரும்பவில்லை. 1955இல் கே.ஜி.பி. ஓர் உத்தரவு பிறப்பித்தது. சுடப்பட்டவர்கள் சிறை முகாமில் நோயால் இறந்துவிட்டதாக, பொய்யான தேதியையும் பொய்யான காரணத்தையும் எழுதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1980களின் இறுதியில்தான் உண்மையான காரணம் எழுதப்பட்ட சான்றிதழ்கள் வரத் தொடங்கின. ஆகவே, 1943இல் நிமோனியாவால் இறந்தார் என்று ஒரு தாளும், 1938இல் சுடப்பட்டார் என்று இன்னொரு தாளும், ஒரே மனிதரின் பெயரில், ஒரே அரசின் முத்திரையோடு, ஒரு வீட்டு அலமாரியில் இருக்க முடியும். உங்கள் கதாநாயகி தன் பாட்டியின் அலமாரியில் அந்த இரண்டு தாள்களையும் கண்டெடுப்பதாக முதல் அத்தியாயத்தை அமைத்தால், வாசகர் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார்.

கேள்வி: அப்படியானால் அவள் ஆவணக் காப்பகத்துக்குள் எப்படி நுழைவாள்? லஞ்சம் கொடுத்தா, திருடியா?

பதில்: இரண்டும் தேவையில்லை. அரசியல் அடக்குமுறைக்கு ஆளானவர்களின் மீதான களங்கத்தை நீக்கும் 1991ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவரின் உறவினர் அவருடைய விசாரணைக் கோப்பைப் பார்க்க விண்ணப்பிக்கலாம். வாசிப்பறையில் அவள் முன் ஒரு மெல்லிய கோப்பு வைக்கப்படும்: கைது ஆணை, வினாப்படிவம், விசாரணை வாக்குமூலங்கள், சில நேரங்களில் புகைப்படம், தீர்ப்பின் ஒரு பகுதி. சில பக்கங்கள் மட்டும் காகிதத்தால் மூடப்பட்டோ, உறைக்குள் வைத்துக் கட்டப்பட்டோ இருக்கும். காட்டிக் கொடுத்தவரின் பெயரும் பிற சாட்சிகளின் பெயர்களும் இருக்கும் பக்கங்கள் அவை. நாவலின் திகில் முழுவதும் அந்தக் காகித மறைப்புக்கு அடியில் இருக்கிறது என்பதே என் கருத்து. அறையின் மறுமூலையில் காவலர் அமர்ந்திருக்க, அவளுடைய விரல் அந்த விளிம்பைத் தொடும் கணத்தை மூன்று பக்கங்களுக்கு நீட்டி எழுதினாலும் மிகையாகாது.

கேள்வி: இன்றும் ஸ்டாலினைப் போற்றுபவர்கள் ரஷ்யாவில் பலர் இருக்கிறார்களாமே? அவர்களை வில்லன்களாகக் காட்டலாமா?

பதில்: காட்டினால் கதை சாரமிழந்துவிடும். 2019இல் லெவாடா மையம் நடத்திய கருத்துக்கணிப்பில், வரலாற்றில் ஸ்டாலினின் பங்கு நல்லதே என்று கூறியவர்கள் 70 சதவிகிதம். அத்தனை பேரும் வில்லன்களாக இருக்க முடியாது. ஹிட்லரை வென்ற போரின் நினைவோடு அவர் பெயர் பின்னிக் கிடக்கிறது. அந்தப் போரில் உறவினரை இழக்காத குடும்பம் அரிது. தந்தையை முகாமுக்குப் பறிகொடுத்துவிட்டு, அதே தலைவரின் படத்தைச் சுவரில் வைத்திருக்கும் மூதாட்டி ஒருவரை எழுதிப் பாருங்கள். அவரைப் புரிந்துகொள்ள முயலும் பேத்திதான் உங்கள் கதாநாயகி.

அரசும் இதில் வேடிக்கை மட்டும் பார்ப்பதில்லை. அடக்குமுறையை ஆவணப்படுத்திவந்த மெமோரியல் அமைப்பைக் கலைக்கும்படி 2021 டிசம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே அதற்கு அமைதிக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வடமேற்கு ரஷ்யாவின் சாந்தர்மோக் காட்டில், சுடப்பட்டவர்களின் புதைகுழிகளைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான யூரி திமித்ரியெவ், குழந்தை தொடர்பான குற்றச்சாட்டின் பேரில் சிறையில் இருக்கிறார். அவரும் அவரது ஆதரவாளர்களும் அது புனையப்பட்டது என்கிறார்கள். மாஸ்கோவின் தகான்ஸ்கயா மெட்ரோ நிலையத்தில், முன்பு அகற்றப்பட்ட ஸ்டாலின் புடைப்புச் சிற்பத்தின் நகல் 2025 மே மாதத்தில் மீண்டும் வைக்கப்பட்டது. உங்கள் கதாநாயகி தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போகலாம்.

கேள்வி: கதை எங்கே நகர வேண்டும், யார்தான் எதிரி?

பதில்: இடங்களுக்குக் குறைவில்லை. லுப்யான்கா சதுக்கத்தில், பாதுகாப்புத் துறையின் கட்டடத்துக்கு எதிரே, சோவியத் சிறை முகாம் இருந்த சலோவெத்ஸ்கித் தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பாறை 1990 முதல் நினைவுச் சின்னமாக நிற்கிறது. மாஸ்கோவுக்குத் தெற்கே பூத்தவா என்ற இடத்தில் 1937, 38இல் 20,000க்கும் மேற்பட்டோர் சுடப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள்.

எதிரியைப் பொறுத்தவரை, கற்பனைக்கு முன் ஒரு நிஜச் சம்பவத்தை அறிந்துகொள்ளுங்கள். சைபீரியாவின் தோம்ஸ்க் நகரைச் சேர்ந்த தெனிஸ் கராகோதின், ஜப்பானிய உளவாளி என்று குற்றம் சாட்டப்பட்டு 1938 ஜனவரி 21 அன்று சுடப்பட்ட தன் கொள்ளுத் தாத்தாவின் மரணத்துக்கு யார் யார் பொறுப்பு என்று தேடத் தொடங்கினார். மாஸ்கோவில் ஆணையிட்டவர்களிலிருந்து உள்ளூரில் வாகனம் ஓட்டியவர், தட்டச்சு செய்தவர் வரை ஒவ்வொரு பெயராகத் திரட்டினார். பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு, 2016இல் மரண தண்டனையை நிறைவேற்றியவர்களின் பெயர்கள் கொண்ட ஆவணமும் அவர் கைக்கு வந்தது. அதைப் பகிரங்கப்படுத்திய சில நாட்களில், அந்தப் பட்டியலில் இருந்த ஒருவரின் பேத்தியிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. தன் தாத்தா செய்தது இப்போதுதான் தெரிய வந்தது என்றும், உறங்க முடியவில்லை என்றும், மன்னிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்த அவர், அதே காலத்தில் தன் தாய்வழிக் கொள்ளுத் தாத்தாவும் கைது செய்யப்பட்டுத் திரும்பவில்லை என்பதையும் சேர்த்திருந்தார். கராகோதின் அவருக்குச் சமாதானக் கரம் நீட்டிப் பதில் எழுதினார்.